மூன்று சீட்டிலும் ஒரே பெயர்

மூன்று சீட்டிலும் ஒரே பெயரை எழுதியவன் நான். இத்தனை நாளில் இதை ஒரே ஒரு ஆளிடம்தான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

துபாயில் எனக்கு டைம் கீப்பர் வேலை. கிரீக் என்கிற உப்பங்கழி ஓரமாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில், கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கும் கேங் ஒன்றுக்கு வருகைப்பதிவு எழுதுகிறவன். நாற்பத்திரண்டு பேர். வந்தவன் பெயருக்கு நேரே 'பி', வராதவனுக்கு 'ஏ'. பதினேழு வருடமாக இந்த இரண்டு எழுத்தை எழுதியே மன்னார்குடியில் ஒரு வீட்டைக் கட்டினேன், ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் வளர்த்தேன். வளர்த்தேன் என்பதெல்லாம் சும்மா பேச்சுக்கு. வளர்த்தது அவர்களுடைய அம்மா.

அந்தப் பெண்ணுக்குச் சித்திரையில் நிச்சயம் செய்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்ததால் கல்யாணத்தைத் தைக்குத் தள்ளி வைத்தார்கள். நிச்சயத்தன்று சாயங்காலம் போன் செய்தாள்.

"அப்பா, காது குத்துக்கு நீ வரல. சடங்குக்கு வரல. இதுக்கும் வரல. கல்யாணத்துக்கும் வராம இருந்தீன்னா, மேடையில ஒன் போட்டோவதான் வச்சுக்கணும்," என்றாள்.

"வரேம்மா. சத்தியமா வரேன்," என்றேன். ஒன்பது மாதம் இருக்கிறதே என்ற தைரியம்.

எங்கள் கம்பெனியில் லீவ் பேப்பரில் முதல் கையெழுத்து ஃபோர்மேன் போட வேண்டும். அது இல்லாமல் பேப்பர் ஆபீஸ் வாசலைத் தாண்டாது. டைம் கீப்பருக்கும் அதே சட்டம்தான். அப்போது ஃபோர்மேனாக இருந்தவர் முதுகுளத்தூர் பக்கத்துப் பெரியவர். கேங்கில் பாதிப் பேருக்கு விசா எடுத்துக் கொடுத்துக் கொண்டுவந்தவர் அவர்தான். ராமநாதபுரத்து ஆட்கள் இருபத்தைந்து பேர், கள்ளக்குறிச்சி ஆட்கள் பதினாறு பேர், இடையில் நான் ஒருவன் என்று இருந்த கேங்கை அவர் ஒரு முறைப்பில் கட்டி மேய்த்தார். வைகாசியில் ஒரு நாள் ஏணிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இரண்டு அடைப்பு என்றார்கள். இனி சைட் கலாஸ், வேலை முடிந்தது, ஊருக்குப் போகலாம் என்றாகிவிட்டது.

அடுத்த ஃபோர்மேன் யார் என்பதுதான் பிரச்சினை. அவருடைய அக்கா மகன் ஒருவன் இருந்தான். வேலைக்காரன், டிராயிங் பார்க்கத் தெரிந்தவன், ஆனால் வாயைத் திறந்தால் சண்டை. இன்னொருவர் கள்ளக்குறிச்சிக்காரர், ஃபோர்மேனுக்கு அடுத்தபடி சார்ஜ் ஹேண்டாக இருந்தவர், நிதானமானவர். அவன் வந்தால் கள்ளக்குறிச்சி ஆட்கள் வேறு சைட்டுக்கு மாற்றல் கேட்பார்கள். இவர் வந்தால் ராமநாதபுரத்து ஆட்கள் கேட்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பெரியவரிடமே போய்க் கேட்டோம்.

"நான் ஒரு பேரச் சொல்லி, நீங்க அங்குட்டுப் போயி கேக்கலன்னா எனக்குத்தானடா அசிங்கம்? நீங்களே முடிவு பண்ணிக்கிருங்க," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சைட்டுக்குப் பொறுப்பான என்ஜினியர் ஜப்பான்காரர். ஜப்பான் சார் என்றுதான் எல்லாரும் சொல்வோம். அவர் கெடு வைத்தார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் கேங் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை வெளி ஆள் வருவான். வெளி ஆள் என்றதும்தான் இரண்டு கட்சிக்கும் பயம் வந்தது.

திருவுளச் சீட்டுப் போடலாம் என்று சொன்னது நான்தான். இரண்டு பக்கமும் உடனே சரி என்றார்கள். கள்ளக்குறிச்சியில் வயதான ஒருவர் மட்டும், ரெண்டு சீட்டுன்னா அது டாஸ் போடுற மாதிரி, மூணு இருந்தாத்தான் சாமி சீட்டு என்றார். அப்படியானால் மூன்றாவது பெயர் யாருடையது? யாரோ சிரித்துக்கொண்டே, "சாமி பேரப் போடுங்கப்பா, சாமிக்கு நேந்த மாதிரியும் இருக்கும்," என்றான். அறை முழுக்கச் சிரித்தது.

சாமி என்று அவர்கள் கேலியாகச் சொன்னது பெரியவருடைய கடைசித் தம்பியை. சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போய், ஏதோ ஒரு மடத்தில் ஆறு வருடம் காவி கட்டிக்கொண்டு இருந்தவர். மடத்தில் என்ன தகராறோ, திரும்பி வந்துவிட்டார். இங்கே கூட்டிவந்தால் மனுஷனாகிவிடுவான் என்று அண்ணன் ஹெல்ப்பர் விசாவில் கொண்டுவந்தார். நாற்பது வயதில் பலகை தூக்கிக்கொண்டிருந்தார். மொட்டைத் தலை, ஹெல்மெட் எப்போதும் கண்ணை மறைக்கும். ஆணி எது, ஸ்க்ரூ எது என்று இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டதே பெரிய விஷயம். யாராவது திட்டினால் கையெடுத்துக் கும்பிடுவார்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். அக்கா மகன் வந்தால் எனக்கு லீவ் கிடையாது. குடித்துவிட்டு வந்த ஒரு நாளில் அவனுக்கு நான் 'ஏ' போட்டது அவன் நெஞ்சில் அப்படியே இருந்தது. சார்ஜ் ஹேண்ட் வந்தாலும் கிடையாது. தையில் அவர் வீட்டுக்கே கிரகப்பிரவேசம், இரண்டு பேரும் ஒரே மாதம் போக முடியாது. சாமி வந்தால் நான் நீட்டுகிற பேப்பரில் கையெழுத்துப் போடுவார். எந்த இடத்தில் போடுவது என்றுகூட என்னைத்தான் கேட்பார். என் பெண் முகம் கண் முன்னால் நின்றது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மையில் ஒரு மொட்டைத் தலை என்னைப் பார்த்துக் கும்பிடுவதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அல் கூஸ் கேம்ப்பில், பெரியவர் இருந்த அறையில் கூடினோம். அலமாரி மேல் முருகன் படம். கேம்ப்பில் சூடம் ஏற்றத் தடை, புகை பட்டால் அலாரம் அலறும். அதனால் கூரையில் இருந்த அந்தக் கருவிக்கு ஒருவன் கட்டில் மேல் ஏறி ரப்பர் கிளவுஸ் மாட்டிவிட்டான். டைம் ஷீட் ஒன்றைக் கிழித்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கத்தில் மூன்று சீட்டு எழுதி, சுருட்டித் தட்டில் போட்டேன். என் கை நடுங்கவே இல்லை. அதுதான் இப்போது நினைத்தால் கேவலமாக இருக்கிறது.

சீட்டு எடுக்கக் குழந்தை வேண்டும். ஊரில் என்றால் யார் வீட்டுப் பிள்ளையையாவது இடுப்பில் தூக்கி வந்துவிடலாம். ஆயிரம் ஆம்பிளைகள் இருக்கிற கேம்ப்பில் குழந்தைக்கு எங்கே போவது? கடைசியில், தமிழ் படிக்கத் தெரியாத ஆளும் குழந்தை மாதிரிதான் என்று முடிவு செய்து, எங்கள் பஸ் ஓட்டும் பட்டான் டிரைவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். டீ கிளாசும் கையுமாக வந்தவர், "கியா காம் ஹை பாய்?" என்று, என்ன வேலை என்று கேட்டுவிட்டு, பிஸ்மில்லா சொல்லி ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். முருகன் முன்னால் பிஸ்மில்லா சொன்னதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அந்த அறையில் ஒழுங்காக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

சீட்டைப் பிரித்துச் சாமியின் பெயரைப் படித்தார்கள். அக்கா மகன் தட்டைப் பார்த்துக் கையை நீட்டினான். மீதிச் சீட்டைப் பிரிக்கக் கூடாது, சூடத்தில் எரித்துவிட வேண்டும், எங்கள் பக்கத்து வழக்கம் அது என்று சொல்லி நான் இரண்டையும் நெருப்பில் போட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. சாமி மூலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்து அழுதார்.

முதல் இரண்டு வாரம் நான் நினைத்தபடியேதான் போனது. "அண்ணே, இதுல எங்க கையெழுத்துப் போடணும்?" என்பார். காட்டுவேன். வெள்ளை ஹெல்மெட்டைக் கொடுத்தபோது, மாட்டத் தெரியாமல் நின்றவருக்கு வாரைச் சரிசெய்து மாட்டிவிட்டவனே நான்தான். முடி வளர்க்கச் சொன்னதும் நான்தான். மொட்டைத் தலையோடு நின்றால் எவனும் பயப்பட மாட்டான் என்றேன்.

முடி வளர்ந்தது. ஒரு நாள் டிராயிங்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவர் ஏதோ சொல்ல, சார்ஜ் ஹேண்ட் சிரித்துவிட்டார். சத்தம்கூட இல்லை, உதடு விரிந்தது, அவ்வளவுதான். சாமி டிராயிங்கை மெதுவாகச் சுருட்டினார்.

"சிரிங்கண்ணே. என்னையப் பாத்துச் சிரிக்கலாம். ஆனா என்னைய இங்க நிறுத்துனது யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுச் சிரிங்க," என்றார். 

அடுத்த வாரம் சார்ஜ் ஹேண்டை ருவைஸ் பக்கம் பாலைவனத்தில் இருந்த சைட்டுக்கு மாற்றிவிட்டார். அக்கா மகனை ஆடி மாத வெயிலில் மொட்டை மாடிப் பலகைக்கு அனுப்பினார். மற்றவர்கள் மாறி மாறி ஏறுவார்கள். அவன் மட்டும் தினமும். சாமி அவனுக்குத் தாய்மாமன் முறை வேண்டும், அதைச் சொல்லிக்கூட அவன் கேட்டான். "மாமனா இருந்து நான் அனுப்பலடா," என்று பதில் வந்தது. அவன் இருபது நாளில் விசாவைக் கேன்சல் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனான். மெஸ்ஸில் செவ்வாய், வெள்ளி கறி மீன் நின்றது. பிறகு வியாழனும் சேர்ந்தது. தண்ணீர் அடித்துவிட்டு வந்தவனை எல்லார் முன்னாலும் தோப்புக்கரணம் போட வைத்தார். நாற்பத்தைந்து வயது ஆள், இரண்டு பிள்ளைக்கு அப்பன், ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தோப்புக்கரணம் போட்டான். நான் பக்கத்தில் ஷீட்டும் பேனாவுமாக நின்றேன்.

கொடுமை என்னவென்றால், வேலை நன்றாக நடந்தது. சண்டை இல்லை, குடி இல்லை, ஆப்சென்ட் இல்லை. ஸ்லாப் எல்லாம் சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடிந்தது. கம்பெனிக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. கடவுளே தன்னை எடுத்து வைத்திருக்கிறார் என்று நம்புகிற ஆளை என்ன செய்வது? அவருக்கு எங்களைக் கண்டு பயம் இல்லை, ஆபீசைக் கண்டும் பயம் இல்லை.

கோடையில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம். அந்த நேரத்தில் ஏசி போட்ட கேபினில் ஆட்கள் தூங்குவார்கள், நான் ஷீட் எழுதுவேன். ஒரு நாள் ஜப்பான் சார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி இங்கிலீஷ், பாதி ஹிந்தி, மீதி கை ஜாடை. எங்களுக்குள் பேச்சு அப்படித்தான் ஓடும். இந்த ஃபோர்மேனை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். சாமி முன்னால் சீட்டுப் போட்டோம் என்றேன். மனிதர் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவருடைய நாட்டிலும் அப்படி ஒருவன் வந்தானாம். அறுநூறு வருடத்துக்கு முன்னால், வாள் வைத்திருக்கிறவன் சொன்னதே சட்டமாக இருந்த காலம். நாட்டை ஆண்டவனுக்கு ஒரே மகன், அவனும் செத்துவிட்டான். வாரிசு யார் என்று சாகக் கிடந்தவனைக் கேட்டால், நான் சொல்லி நீங்கள் ஏற்காவிட்டால் என்ன பிரயோஜனம் என்று சொல்லிவிட்டானாம். எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது. மிச்சம் இருந்த தம்பிகள் நாலு பேரும் சின்ன வயதிலேயே மடத்துக்குப் போன சாமியார்கள். கோயிலில் சீட்டுப் போட்டார்கள். ஒரு சாமியாருக்கு விழுந்தது. மொட்டைத் தலையில் ராஜா தொப்பி நிற்காது என்று முடி வளரும்வரை காத்திருந்துதான் பதவியில் உட்கார வைத்தார்களாம்.

"அப்புறம்?" என்றேன்.

அப்புறம் அவன் எல்லாரையும் நடுங்க வைத்தான். சிரித்தவனைத் தண்டித்தான். சமையல் சரியில்லை என்று சமையல்காரனைத் தண்டித்தான். ஒரு மரக்கிளை ஒடிந்ததற்கு ஆட்களைப் பிடித்து அடைத்தான். கடவுள் எடுத்த சீட்டு ஆயிற்றே, யார் கேட்பது? கடைசியில் ஒரு பிரபு அவனை விருந்துக்கு அழைத்து, கூத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தலையை எடுத்துவிட்டான் என்றார். கழுத்தில் கையால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். பிறகு டீயைக் குடித்துவிட்டு, அந்தச் சீட்டில் ஏதோ தில்லுமுல்லு நடந்தது என்று சந்தேகப்படுகிறவர்கள் இன்னும் உண்டு என்று சேர்த்துக்கொண்டார்.

"சீட்டு எழுதுனவனுக்கு என்ன ஆச்சு சார்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பள்ளிக்கூடத்தில் நாட்டை ஆண்டவன் பெயரைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள், எழுதினவனை யார் கேட்கப்போகிறார்கள் என்றார். எனக்கு அது அன்றைக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

கார்த்திகை கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லீவ் பேப்பரை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். பெரியவர் இருந்த அதே அறை. முருகன் படம் பெரிதாகியிருந்தது. பூஜை முடித்து விபூதியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தார். கல்யாணப் பத்திரிகையை மேலே வைத்து, அடியில் பேப்பரை வைத்து நீட்டினேன். பத்திரிகையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார்.

"தையில முடியாதுண்ணே. மேல் ஸ்லாப் காஸ்டிங் இருக்கு. நீங்க இல்லாம ஓடாது."

"ஒரு பையன விட்டுட்டீங்களே, தைப்பூசத்துக்கு? முந்தாநாள் நான்தானே பேப்பர ஆபீசுல குடுத்தேன்."

"அவன் பழனிக்கு நடக்கப் போறான். அது நேத்திக்கடன், அவன் நடந்தாத்தான் தீரும். கல்யாணம் நீங்க போகாட்டியும் நடக்கும்ணே."

நான் கெஞ்சினேன். காது குத்து, சடங்கு, போட்டோ என்று என் பெண் சொன்னதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று ஆத்திரமாக வந்தது. போனால் இந்த வயதில் எவன் திரும்ப விசா கொடுப்பான்? பையன் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தான். வயிற்றெரிச்சலில் வாய் நழுவிவிட்டது.

"உங்கள சாமி எடுத்து வைக்கல. நான் வச்சேன். மூணு சீட்டுலயும் ஒங்க பேரத்தான் எழுதினேன். இந்த லீவுக்காகத்தான் எழுதினேன்."

அவர் பதறுவார் என்று எதிர்பார்த்தேன். காலில் விழுவார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். விபூதிச் சம்புடத்தை மூடி ஓரமாக வைத்தார்.

"அன்னைக்கே தெரியும்ணே. மிச்சச் சீட்ட எரிக்கிற வழக்கம் எந்த ஊருலயும் கெடையாது. ஆறு வருஷம் மடத்துல சீட்டுப் போடுறதத்தானே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."



"எழுதுனது நீங்கதான். அந்தக் கைய எழுத வச்சது யாரு?" என்று கேட்டார். குரலில் பழைய பணிவு அப்படியே இருந்தது. "வெளிய சொல்றதுன்னா தாராளமாச் சொல்லுங்க. அக்கா மகன் ஊருல இருக்கான், நம்பர் வேணும்னா நான் தாரேன்."

சொன்னால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவருடைய வேலை போகுமோ என்னவோ, என் எலும்பு மிஞ்சாது. தோப்புக்கரணம் போட்டவன் என்னை விடுவானா? மொட்டை மாடியில் வெந்தவனின் சித்தப்பா பெரியப்பா எல்லாரும் அடுத்த அறையில் இருந்தார்கள். பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பத்திரிகையை அவர் முருகன் படத்தடியில் வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். என் பெண் அழுவாள் என்று நினைத்தேன். "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தாள்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் ஊர் நேரத்துக்கு ஒன்பது மணி, இங்கே ஏழரை. சைட்டில் பலகை அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் பின்னால் நின்று வீடியோ காலில் பார்த்தேன். யாரோ சொந்தக்காரப் பையன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். மாப்பிள்ளையின் தோள் தெரிந்தது, மேளம் கேட்டது. தாலி கட்டுகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது எல்லாரும் அட்சதையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் என் போட்டோ இல்லை. அதை ஏன் தேடினேன் என்று தெரியவில்லை.

திரும்பி வந்தால் கேபின் வாசலில் கேங் மொத்தமும் நிற்கிறது. டைம் கீப்பர் வீட்டுக் கல்யாணம் என்று சாமி விடியற்காலையிலேயே மெஸ்ஸில் சொல்லிக் கேசரி கிண்டச் சொல்லியிருக்கிறார். வாளியிலிருந்து தன் கையாலேயே எல்லாருக்கும் போட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் நிறுத்தி, என் நெற்றியில் விபூதி பூசி, "கொழந்த நல்லா இருக்கும்ணே," என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பு என்று இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். நான் கேசரியைத் தின்றேன். நெய் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருந்தார்கள்.

அப்புறம் உள்ளே போய் ஷீட்டை எடுத்தேன். ஒவ்வொரு பெயராகப் பார்த்துப் 'பி' போட்டுக்கொண்டே வந்தேன். அன்றைக்கும் ஆப்சென்ட் யாரும் இல்லை. கடைசி வரி என்னுடைய பெயர். அதற்கு நேரேயும் என் கையாலேயே 'பி' என்று எழுதினேன். எழுத வைத்தது யார் என்று நான் யாரையும் கேட்கவில்லை.